சிறு டிராக்டருக்கு ஏற்றது எது? ஷட்டிலா, ஹைட்ரோஸ்டாட்டிக்கா?

(அம்பகரத்தூரில் விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காரைக்கால் வட்டாரம் காவிரியின் கடைமடை. மேட்டூரில் தண்ணீர் திறந்த செய்தி வந்தாலும், அது நம் வாய்க்காலுக்கு வந்து சேர நாட்கள் ஆகும். வந்த பிறகோ எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் உழவு தேவைப்படுகிறது. வாடகை டிராக்டர் அன்றைக்குக் கிடைப்பதில்லை. உழவு பத்து நாள் தள்ளிப் போனால் நடவும் தள்ளிப் போகும். வேர் பிடிக்காத இளம் பயிர் ஐப்பசி மழையில் மாட்டிக் கொள்ளும். ஆகவேதான் ஒரு வேலி, இரண்டு வேலி நிலம் உள்ளவர்கள் கூட, 15 முதல் 30 குதிரை சக்தி வரையுள்ள சிறு டிராக்டரைச் சொந்தமாக வாங்கலாமா என்று யோசிக்கிறார்கள்.

அப்படி யோசிக்கும்போது ஒரு புதிய கேள்வியும் எழுகிறது. கைப்பேசியில் வெளிநாட்டு டிராக்டர்களின் படங்களைப் பார்க்கிறோம். பிரான்சு நாட்டில் வாழும் உறவினர்களும் வந்து சொல்கிறார்கள்: "அங்கே கிளட்சை மிதிப்பதே இல்லை, கியர் போடுவதே இல்லை; ஒரு மிதியை அழுத்தினால் முன்னே போகும், இன்னொன்றை அழுத்தினால் பின்னே வரும்." அதுதான் ஹைட்ரோஸ்டாட்டிக் அமைப்பு. நம் ஊர் விற்பனையாளரோ "இது ஷட்டில் வண்டி" என்று வேறொன்றைக் காட்டுகிறார். இவற்றில் எது நமக்கு ஏற்றது என்பதே இன்று நான் எடுத்துக் கொண்ட பொருள். ஐந்து, ஆறு லட்சம் ரூபாய்க் கடனுக்குக் கையெழுத்துப் போடுமுன் தெரிந்து கொள்ள வேண்டியது இது.

ஷட்டில் என்றால் என்ன?

தறியில் இங்கும் அங்கும் ஓடும் நாடாவுக்கு ஆங்கிலத்தில் ஷட்டில் என்று பெயர். டிராக்டரிலும் அதே பொருள்தான். சாதாரண கியர் பெட்டியில் பின்னோக்கிச் செல்லும் கியர்கள் குறைவு. எடுத்துக்காட்டாக, வி.எஸ்.டி. 180டி டிராக்டரில் முன்னே 6, பின்னே 2. குபோட்டா பி2441 டிராக்டரில் முன்னே 9, பின்னே 3. பின்னே வர வேண்டுமானால் வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து, கியரைத் தேடிப் போட்டு, மறுபடி முன்னே போகும்போது பழைய கியரைத் தேட வேண்டும்.

ஷட்டில் வண்டியில் இதற்கென்று தனி நெம்புகோல் ஒன்று உண்டு. நீங்கள் போட்டு வைத்த கியரை மாற்றாமலே அந்த நெம்புகோலைத் தள்ளினால் முன்னோட்டம், இழுத்தால் பின்னோட்டம். 2023 ஆகஸ்டில் அறிமுகமான மகிந்திரா ஓஜா டிராக்டர்களில் முன்னே 12, பின்னே 12 என்று இருப்பது இந்த வகைதான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் கிடைக்கும் சிறு டிராக்டர்களில் உள்ள ஷட்டில் பெரும்பாலும் பற்சக்கர ஷட்டில். அதற்குக் கிளட்ச் மிதிக்கத்தான் வேண்டும். வண்டி ஏறக்குறைய நின்ற பிறகே நெம்புகோலை மாற்ற வேண்டும். ஓடும் வேகத்திலேயே தட்டி மாற்றினால் உள்ளேயுள்ள பித்தளை வளையம் விரைவில் தேய்ந்து, பிறகு கரகரவென்று சத்தம் போடும். கிளட்ச் மிதிக்காமலே திசை மாறும் பவர் ஷட்டில் என்பது வேறு. அது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச் தட்டுகளைக் கொண்டது, விலையும் அதிகம். விற்பனையாளர் ஷட்டில் என்று சொன்னால் எந்த ஷட்டில் என்று கேளுங்கள்.

எண்ணெய் செய்யும் வேலை

ஹைட்ரோஸ்டாட்டிக் அமைப்பில் இயந்திரத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே எண்ணெய் நிற்கிறது. இயந்திரம் ஒரு பம்பைச் சுற்றுகிறது. அந்தப் பம்பு எண்ணெயை மிகுந்த அழுத்தத்தில் ஒரு மோட்டாருக்குத் தள்ளுகிறது. அந்த மோட்டார் சக்கரத்தைச் சுற்றுகிறது. பம்புக்குள் சாய்வாக ஒரு தட்டு உண்டு. தட்டின் சாய்வு கூடினால் எண்ணெய் அதிகம் போகும், வேகம் கூடும். தட்டு நேராக நின்றால் எண்ணெய் போகாது, வண்டி நிற்கும். தட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வண்டி பின்னே வரும். ஓட்டுநர் காலால் அழுத்தும் மிதி இந்தத் தட்டைத்தான் சாய்க்கிறது.

இது நமக்கு முற்றிலும் புதியது அல்ல. சம்பா அறுவடைக்கு நம் வயலில் இறங்குகிற செயின் வண்டிகளில், குபோட்டா டிசி-68ஜி போன்ற அறுவடை இயந்திரங்களில், இருப்பது இதே அமைப்புதான். ஓட்டுநர் ஒரே நெம்புகோலை முன்னும் பின்னும் தள்ளி, சாய்ந்த பயிருக்கு மெதுவாகவும் நின்ற பயிருக்கு வேகமாகவும் போவதைப் பார்த்திருப்பீர்கள். அறுக்கும் கத்தியும் கதிரடிக்கும் உருளையும் ஒரே வேகத்தில் சுற்றிக் கொண்டிருக்க, வண்டியின் வேகம் மட்டும் மாறும். ஹைட்ரோஸ்டாட்டிக்கின் பெருமை இதில்தான் இருக்கிறது.

1967-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் இதை 656 என்ற உழவு டிராக்டரில் வைத்து விற்றது. ஆனால் பெரிய உழவு டிராக்டர்களில் அது நிலைக்கவில்லை. அறுவடை இயந்திரத்திலும், புல் வெட்டவும் பனி தள்ளவும் முன்வாளியால் மண் அள்ளவும் பயன்படும் சிறு டிராக்டரிலும் அது நிலைத்து விட்டது. மகிந்திரா நிறுவனமே அமெரிக்காவில் ஹைட்ரோஸ்டாட்டிக் டிராக்டர்களை விற்கிறது. ஒரு வேலையில் நிலைத்ததும் இன்னொரு வேலையில் நிலைக்காததும் ஏன் என்று புரிந்து கொண்டால், நம் வயலுக்கு எது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்து விடும்.

சக்தி எங்கே போகிறது?

மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லாம் நம் மதகுக்கு வந்து சேர்வதில்லை, வழியெல்லாம் கசிகிறது. அதுபோல இயந்திரத்தில் பிறக்கும் சக்தியும் சக்கரத்துக்கு வருமுன் கசிகிறது. பற்சக்கரங்கள் வழியே வந்தால் 100 பங்கில் 90 பங்கோ அதற்குச் சற்று மேலோ வந்து சேரும். எண்ணெய் வழியே வந்தால் பெரும்பாலும் 75 முதல் 85 பங்குதான் வந்து சேரும்.

24 குதிரை சக்தி டிராக்டரை எடுத்துக் கொள்வோம். பற்சக்கரம் 90 பங்கு கொடுத்தால் சக்கரத்துக்கு 21.6 குதிரை சக்தி. எண்ணெய் 80 பங்கு கொடுத்தால் 19.2 குதிரை சக்தி. வித்தியாசம் 2.4 குதிரை சக்தி. இது மறைந்து போவதில்லை, சூடாக மாறி எண்ணெயில் தங்குகிறது. ஏறக்குறைய இரண்டு மின்சார இஸ்திரிப் பெட்டிகளை இடைவிடாமல் போட்டு வைத்த சூடு அது. சித்திரை வெயிலில் நெல் மூட்டை ஏற்றிய பெட்டியை இழுக்கும்போது அந்தச் சூட்டை எண்ணெய் தாங்க வேண்டும்.

டீசல் கணக்கும் பாருங்கள். வருடத்துக்கு 500 மணி நேரம், மணிக்கு 3 லிட்டர் என்று வைத்துக் கொண்டால் 1,500 லிட்டர். வேலை முழுவதும் இழுப்பு வேலையாக இருந்தால் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல், அதாவது 150 லிட்டருக்கு மேல் கூடுதலாகச் செலவாகும். விலையை நீங்களே பெருக்கிக் கொள்ளலாம்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ரோட்டவேட்டரைச் சுற்றும் பி.டி.ஓ. தண்டு எண்ணெய் வழியே சக்தி பெறுவதில்லை. ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியிலும் அது பற்சக்கரம் வழியே நேராக இயந்திரத்திலிருந்து சக்தி பெறுகிறது. ரோட்டவேட்டர் ஓடும்போது சக்தியின் பெரும்பகுதி பி.டி.ஓ. வழியே போவதால் எண்ணெயில் வீணாவது குறைவு. ஒன்பது கொத்துக் கலப்பை இழுக்கும்போதும், பரம்பு அடிக்கும்போதும், பெட்டி இழுக்கும்போதும் முழுச் சக்தியும் எண்ணெய் வழியேதான் போக வேண்டும். ஆகவே உங்கள் டிராக்டர் வருடத்தில் எத்தனை நாள் சுற்றும் வேலை செய்யும், எத்தனை நாள் இழுக்கும் வேலை செய்யும் என்று கணக்கெடுப்பதுதான் முதல் வேலை.

திருப்பங்களின் கணக்கு

ஷட்டில் இல்லாத சாதாரண கியர் பெட்டியே போதாதா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. நம் பக்கத்து வயல் மா கணக்கில் பிரிந்து கிடக்கிறது. ஒரு மா வயல் சுமார் 45 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் என்று கொள்ளுங்கள். நான்கு அடி ரோட்டவேட்டர் சுமார் 1.2 மீட்டர் அகலம் உழும். அப்படியானால் 25 சால் ஓட்ட வேண்டும், ஏறக்குறைய 25 முறை திரும்ப வேண்டும். மூன்று மா சேர்ந்தது ஒரு ஏக்கர். ஆக ஏக்கருக்கு 75 திருப்பம். சேற்றுழவு இரண்டு முறை என்றால் 150 திருப்பம். சுற்றிச் சுற்றி உழுதாலும் வரப்போரமும் மூலையும் பார்க்கப் பின்னே வந்தே தீர வேண்டும்.

ஒவ்வொரு திருப்பத்திலும் கியர் தேடும் நேரத்தில் 4 வினாடி மிச்சமானால் ஏக்கருக்கு 10 நிமிடம் மிச்சம். நேரத்தை விடப் பெரியது ஓட்டுநரின் களைப்பு. களைத்த ஓட்டுநர் மூலையை விட்டு விடுவார், அங்கே களை வளரும். அல்லது அவசரத்தில் வரப்பை இடித்து விடுவார். ஆகவே சிறு வயல்காரருக்கு முன்னும் பின்னும் எளிதாக மாறும் வசதி ஆடம்பரம் அல்ல. அந்த வசதியை ஷட்டிலும் கொடுக்கிறது, ஹைட்ரோஸ்டாட்டிக்கும் கொடுக்கிறது. ஹைட்ரோஸ்டாட்டிக் இன்னும் எளிதாகக் கொடுக்கிறது என்பதை மறுக்க முடியாது. அதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதே கேள்வி.

சேறும் பழுதும்

நம் மண் களிமண். சேற்றுழவின்போது சில வயல்களில் அச்சு வரை தண்ணீர் நிற்கும். கடலோரமாகையால் சில இடங்களில் உப்புநீரும் உண்டு. அச்சிலுள்ள சீல் சற்றுக் கிழிந்தாலும் தண்ணீர் உள்ளே புகும். எண்ணெய் பால் போல வெளுத்து விடும்.

கியர் பெட்டியில் இப்படி நேர்ந்தால் உடனே எண்ணெயை வடித்து, சீலை மாற்றி, புது எண்ணெய் ஊற்றினால் பெரும்பாலும் தப்பித்து விடலாம். ஹைட்ரோஸ்டாட்டிக் பம்பு அவ்வளவு பொறுமை உள்ளது அல்ல. அதன் பிஸ்டனுக்கும் உருளைக்கும் உள்ள இடைவெளி தலைமுடியின் கனத்தை விடவும் குறைவு. கண்ணுக்குத் தெரியாத தூசியும் அதைக் கீறும். கீறிய பம்பில் எண்ணெய் உள்ளேயே கசியும், இழுவை குறையும், சூடு கூடும். தயாரிப்பாளர் குறித்த எண்ணெயை மட்டுமே ஊற்ற வேண்டும். வடிகட்டியைக் குறித்த மணி நேரத்தில் மாற்றியே தீர வேண்டும். "அடுத்த போகத்துக்குப் பார்த்துக் கொள்ளலாம்" என்பது இதில் செல்லாது.

பழுதானால் என்ன செய்வது? பற்சக்கரமும் பேரிங்கும் மாற்றத் தெரிந்த மெக்கானிக் காரைக்காலிலும் மயிலாடுதுறையிலும் கிடைப்பார். ஹைட்ரோஸ்டாட்டிக் பம்பைப் பிரித்துச் சரிசெய்ய அதற்கென்று பயிற்சியும் கருவியும் வேண்டும். பல நேரம் முழுப் பம்பையே மாற்ற வேண்டி வரும். செயின் வண்டிக்காரர் அதைச் சமாளிக்கிறார். அவர் பல ஊர்களில் மணிக்கணக்கில் வாடகை வாங்குகிறார், கூடவே மெக்கானிக்கும் உதிரி பாகமும் வருகின்றன. அவர் இயந்திரம் 68 குதிரை சக்தி, கொஞ்சம் வீணானாலும் மிச்சம் உண்டு. ஒரு வேலி நிலத்துக்கு 24 குதிரை சக்தி வண்டி வைத்திருப்பவருக்கு அந்த வசதிகள் இல்லை. தண்ணீர் வந்த வாரத்தில் வண்டி நின்று விட்டால், பழுதுச் செலவை விடத் தவறிய பருவமே பெரிய நட்டம்.

பழக்கத்தில் உள்ள இரண்டு வேறுபாடுகளையும் சொல்லி விடுகிறேன். பாட்டரி இறங்கினால் சரிவில் தள்ளி ஸ்டார்ட் செய்வது நம் வழக்கம். ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியை அப்படி ஸ்டார்ட் செய்ய முடியாது. மேலும், ஆற்றங்கரைச் சரிவில் கியரில் போட்டு நிறுத்திய வண்டியை இயந்திரம் பிடித்துக் கொள்ளும். ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டி எண்ணெய்க் கசிவினால் மெல்ல நகரும். கை பிரேக் போடாமல் இறங்கவே கூடாது.

யாருக்கு எது?

1. நெல் வயல் உழவு, பரம்பு, பெட்டி இழுத்தல் ஆகியவை வருட வேலையில் பாதிக்கு மேல் இருந்தால், நான்கு சக்கர இழுவையுடன் கூடிய ஷட்டில் வண்டியே ஏற்றது.

2. நெல்லுக்குப் பின் அகன்ற வரிசையில் பருத்தி போட்டு, அதில் களையெடுக்கவும் மருந்து தெளிக்கவும் பயன்படுத்துபவருக்கும் ஷட்டில் போதும். மிக மெதுவாக ஊரும் கியர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

3. வயல்கள் பெரியவை, திருப்பம் குறைவு, பணமும் குறைவு என்றால் சாதாரண கியர் பெட்டியே போதும். இல்லாத தேவைக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

4. தோப்பு, நாற்றங்கால், பெரிய மாட்டுப் பண்ணை, புல்வெளி ஆகியவற்றில் முன்வாளியோ புல்வெட்டியோ மாட்டி நாள் முழுதும் முன்னும் பின்னும் நகர்பவருக்கு ஹைட்ரோஸ்டாட்டிக் மிகவும் ஏற்றது. முழங்கால் வலியால் கிளட்ச் மிதிக்க இயலாதவர்களுக்கும், புதிதாக ஓட்டப் பழகுபவர்களுக்கும் அது எளிது. ஆனால் அவர்களும் பழுது பார்ப்பவர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறார் என்று முதலில் கேட்டுக் கொள்ள வேண்டும்.

5. நிலம் சில மா மட்டுமே என்றால் எந்த டிராக்டரும் கடனைக் கட்டாது. நான்கைந்து பேர் கூடி ஒன்று வாங்குவதோ, வாடகைக்கு முன்கூட்டியே பேசி வைப்பதோ நலம்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

முதலாவது, சோதனை அறிக்கை. மத்தியப் பிரதேசம் புத்னியிலுள்ள மத்திய பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை கொடுக்கிறது. அதில் பி.டி.ஓ. சக்தி எவ்வளவு, இழுவைச் சக்தி எவ்வளவு என்று தனித்தனியே இருக்கும். விளம்பரத்தில் இருப்பது இயந்திரத்தின் சக்தி. நமக்கு வேலை செய்வது இந்த இரண்டும்தான். இரண்டு வண்டிகளை ஒப்பிடும்போது இவற்றையே ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, கிளட்ச். ஒற்றைக் கிளட்ச் வண்டியில் ஷட்டிலை மாற்ற மிதியை அழுத்தும்போதெல்லாம் ரோட்டவேட்டரும் நின்று விடும். இரட்டைக் கிளட்ச் வண்டியில் பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும், பி.டி.ஓ. ஓடிக் கொண்டிருக்கும். எந்த வண்டியானாலும் பின்னே வருமுன் ரோட்டவேட்டரைத் தூக்கி விடுங்கள். பின்னால் ஆள் நிற்கிறாரா என்று திரும்பிப் பாருங்கள். மெதுவாகப் போக வேண்டுமானால் சிறிய கியருக்கு மாற்றுங்கள். ஆக்சிலேட்டரைக் குறைத்தால் கத்தியின் வேகமும் குறைந்து சேறு சரியாகக் கலங்காது.

மூன்றாவது, வயல் ஓட்டம். சிமெண்டுத் தரையில் ஓட்டிக் காட்டுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் சேற்றில், உங்கள் மூலையில், நீங்களே அரைநாள் ஓட்டிப் பாருங்கள். வயலிலிருந்து வரப்பேறும்போது முன்னோக்கி ஏறினால் முன்சக்கரம் தூக்கிக் கவிழும் ஆபத்து உண்டு. பின்னோக்கி ஏறுவதே பாதுகாப்பு. அதற்கேற்ற மெதுவான பின் கியர் இருக்கிறதா என்பதும் அப்போது தெரிந்து விடும்.

நான்காவது, விலை. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான சரக்கு, சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலைப் பட்டியலை யாரும் காட்டினால் ஏற்க வேண்டாம். மானியம் உண்டா என்பதைக் காரைக்கால் வேளாண் துறை அலுவலகத்திலும், தொழில்நுட்ப ஐயங்களை மாதூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டுக் கொண்டு, அதன் பிறகு முன்பணம் கொடுங்கள்.

விவசாயப் பெருமக்களே, கால் நோகாமல் ஓட்டும் வண்டி வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை. சேற்றிலே நாள் முழுதும் நிற்கும் உங்களுக்கு அந்தச் சுகம் உரியதுதான். ஆனால் கடைமடையில் நமக்குக் கிடைக்கும் உழவு நாட்கள் சில. அந்தச் சில நாட்களில் நிற்காமல் ஓடுகிற வண்டி, நம் ஊர் மெக்கானிக் கை வைத்தால் அன்றே சரியாகிற வண்டி, குடிக்கிற டீசலைச் சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கிற வண்டி, இன்றைய நிலையில் ஷட்டில் வண்டிதான். வருட வேலையை ஒரு தாளில் எழுதி, இழுப்பு எத்தனை நாள், சுற்று எத்தனை நாள், திருப்பம் எத்தனை என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். அந்தத் தாளையும் எடுத்துக் கொண்டு விற்பனை நிலையத்துக்குப் போங்கள்.